மூன்றரை லிட்டரில் இருநூறு கிலோமீட்டர்

புதுச்சேரியின் கடலூர் சாலையில், முதலியார்பேட்டைக்கும் மரப்பாலத்துக்கும் நடுவே மாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது பச்சை நம்பர் பிளேட்டுகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. பச்சை என்றால் பேட்டரியில் ஓடும் வண்டி. அதை வைத்திருப்பவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது: “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?” அடுத்தது: “கம்பெனி சொல்ற அளவுக்கு நிஜமாவே போகுதா?”

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு புதிர் இருக்கிறது. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்காரின் பேட்டரியில் 30.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் கிலோவாட்-மணி. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தையும் இதே அலகில் சொல்லலாம். அது சுமார் 9 யூனிட். ஆக, முழுதாகச் சார்ஜ் ஏறிய அந்தக் காருக்குள் இருக்கும் ஆற்றல் மொத்தமும் மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கிவிடும். அதே அளவுள்ள பெட்ரோல் கார் மூன்றரை லிட்டரில் ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. மின்கார் 200 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது.

இத்தனை சிக்கனமான வண்டியைப் பற்றித்தான் தூரம் போதவில்லை, சார்ஜ் ஏற நேரம் பிடிக்கிறது, விலை அதிகம் என்ற புகார்களும் வருகின்றன. சிக்கனமும் உண்மை, புகார்களும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே வண்டியில் சேர்ந்தன என்று புரிந்துகொண்டால், இந்தக் கார் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது தானாகவே விளங்கும்.

மோட்டாரின் திறமை

பெட்ரோல் என்ஜின் முதலில் எரிபொருளை வெப்பமாக்குகிறது. பிறகு அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைச் சுழற்சியாக மாற்றுகிறது. இந்த இரண்டாவது வேலையில் இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றும் என்ஜினை யாராலும் செய்ய முடியாது. நகர நெரிசலில் பெட்ரோல் தரும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனாலே அதிகம். மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் காற்றில் கலக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் என்ஜின் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கிறது.

மின்மோட்டாருக்கு இடையில் வெப்பம் என்ற கட்டமே கிடையாது. மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, காந்தப்புலம் அச்சைச் சுழற்றுகிறது. மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சுழற்சியாக மாறுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. வேகத்தைக் குறைக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ‘ரீஜென்’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். தமிழில் மீட்பு பிரேக் எனலாம்.

இதனால்தான் பெட்ரோல் காரில் நாம் பழகிய கணக்கு இங்கே தலைகீழாகிறது. பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் அதிக மைலேஜ் தரும், ஊருக்குள் குறைவாகத் தரும். மின்கார் ஊருக்குள் அதிகம் தரும், நெடுஞ்சாலையில் குறைவாகத் தரும்.

பழைய பாரம்

அப்படியானால் பலவீனம் எங்கே? எடையில். மூன்றரை லிட்டர் பெட்ரோல் இரண்டரை கிலோ. அதே ஆற்றலைச் சுமக்கும் பேட்டரித் தொகுப்பின் எடை கால் டன்னை நெருங்கும். ஒரு கிலோ எடைக்குள் எவ்வளவு ஆற்றலை அடக்க முடிகிறது என்பதை ஆற்றல் அடர்த்தி என்பார்கள். மின்காரின் வரலாறு முழுவதும் இந்த ஒரு எண்ணோடு நடந்த போராட்டம்தான்.

அந்த வரலாற்றின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் பிரான்சில் நடந்தது. திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய ஈய-அமில பேட்டரியை 1859-இல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் பெட்ரோல் காரல்ல. 1899 ஏப்ரலில் பாரிஸ் அருகே கமீய் ஜெனாட்ஸி ஓட்டிய மின்கார். முதலியார்பேட்டையில் ரோடியர் மில்லின் தறிகள் ஓடத் தொடங்கிய காலம் அது. இருந்தும் அடுத்த இருபது ஆண்டுகளில் பெட்ரோல் கார் சந்தையைப் பிடித்துக்கொண்டது. கூடுதல் தூரமும், நொடியில் நிரப்பும் வசதியும், மலிவு விலையும் அதன் பக்கம் இருந்தன.

நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்தன. 1993-இல் அறிமுகமான ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் அமரும் மின்காரை எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தயாரித்தது. 2001-இல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’ வந்தது. இரண்டிலும் ஈய-அமில பேட்டரி. ஒரு முறை ஏற்றினால் லவ்பேர்ட் 60 கிலோமீட்டரும் ரேவா 80 கிலோமீட்டரும் ஓடின. பிளாந்தேயின் கண்டுபிடிப்பு நூற்று நாற்பது ஆண்டுகளில் அதற்கு மேல் நகரவில்லை.

அதை நகர்த்தியது லித்தியம். உலோகங்களிலேயே மிக இலேசானது அது. 1970-களிலும் 80-களிலும் ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் படிப்படியாக லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கினார்கள். 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஈய பேட்டரியைவிட எடைக்கு நான்கைந்து மடங்கு ஆற்றல் கூடியதால்தான் இன்றைய மின்கார் சாத்தியமானது. காரைக்குடியில் ‘சிக்ரி’ என்று எல்லாரும் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தத் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே வளர்த்தெடுத்திருக்கிறது. விலையும் இறங்கியது. 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆன பேட்டரி, 2024-இல் சராசரியாக 115 டாலருக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டில் உலகில் விற்ற புதிய கார்களில், சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைப்ரிட்களையும் சேர்த்தால், ஐந்தில் ஒன்று மின்கார். இந்தியாவில் ஏறக்குறைய 1 லட்சம் விற்றன, நாற்பதில் ஒன்று.

ஆனாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் எடைக்கணக்கில் பேட்டரி இன்னும் நூறு மடங்கு பின்தங்கித்தான் நிற்கிறது. மோட்டாரின் திறமை அதில் நான்கு மடங்கை ஈடுகட்டுகிறது. ஈடுகட்ட முடியாத மிச்சம்தான் நாம் அன்றாடம் பார்க்கும் குறைகளாக வெளிவருகிறது.

காணாமல்போன நூறு கிலோமீட்டர்

2020-இன் அந்த நெக்ஸானுக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது 200-ஐ ஒட்டித்தான். இதில் பொய் ஏதும் இல்லை. அளந்த விதம் அப்படி. சோதனையில் கார் சாலையில் ஓடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்பே வகுத்த ஒரு பட்டியலின்படி ஓட்டுகிறார்கள். அதில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். சராசரி வேகம் மிகக் குறைவு. ஏசி ஓடாது.

இப்போது அதே காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கி ஓட்டிப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக உயரும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். சென்னைக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போய்ச் சேரலாம், திரும்பி வர வழியில் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். ஊருக்குள் வேறு கணக்கு. மே மாதப் பகலில் ஏசி மணிக்கு ஒரு யூனிட் போல எடுக்கும். மரப்பாலம் சந்திப்பு போன்ற நெரிசலில் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர்தான் நகர்கிறோம் என்றால், வண்டியை நகர்த்த இரண்டு யூனிட், நம்மைக் குளிர்விக்க ஒரு யூனிட்.

தயாரிப்பாளர்களும் இதை ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். 45 யூனிட் பேட்டரி கொண்ட புதிய நெக்ஸானுக்கு ஆய்வுக்கூட அளவு 489 கிலோமீட்டர். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கக்கூடியது 350 முதல் 370 என்று நிறுவனமே தனியாகக் குறிப்பிடுகிறது. கார் வாங்கப் போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய எண் இரண்டாவதுதான்.

கடைசி இருபது சதவீதம்

பெட்ரோல் பங்கில் ஒரு நிமிடத்தில் முப்பது லிட்டர் இறங்குகிறது. அதாவது 270 யூனிட். வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் வைக்கும் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் மணிக்கு மூன்று யூனிட்தான் தரும். 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஓர் இரவு முழுவதும் வேண்டும். பொது இடங்களில் உள்ள விரைவு சார்ஜரில் 80 சதவீதம் வரை ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பிறகு அதே சார்ஜர் ஏன் திடீரென்று மந்தமாகிறது?

லித்தியம் அயனி பேட்டரியில் மின்சாரம் ‘நிரம்புவதில்லை’. மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணுக்கள், அதாவது அயனிகள், ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மின்பகுளி என்ற திரவத்தைக் கடந்து மறுபக்கத்திலுள்ள கிராஃபைட்டுக்குள் நுழைகின்றன. பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான். தாள் தாளாக அடுக்கப்பட்ட கார்பன். அந்த அடுக்குகளின் இடுக்குகளில் அயனிகள் போய் அமர்வதே சார்ஜ் ஏறுவது.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் கிளம்பத் தயாராக நிற்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் காலியாக இருக்கும்போது ஏறுகிறவர்கள் சரசரவென்று உள்ளே போய் அமர்ந்துவிடுவார்கள். முக்கால் பங்கு நிரம்பிய பிறகு, ஏறும் ஒவ்வொருவரும் எங்கே இடம் என்று தேடி நகர வேண்டும். அந்த நேரத்தில் வெளியே இருந்து நெருக்கித் தள்ளினால் கூட்டம் வாசலிலேயே அடைத்துக்கொள்ளும். பேட்டரியிலும் அதுதான் நடக்கிறது. கிராஃபைட்டுக்குள் இடம் கிடைக்காத லித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அந்தப் படிவு கொள்ளளவைத் தின்னும். ஊசிபோல வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். அதனால்தான் 80 சதவீதம் தாண்டியதும் பேட்டரி மேலாண்மைக் கணினி வேகத்தைத் தானே குறைத்துவிடுகிறது.

மூடிய பெட்டிக்குள் நடப்பது நமக்கு எப்படித் தெரியும்? கிராஃபைட் நிறம் மாறும். லித்தியம் நுழைய நுழைய அதன் கருஞ்சாம்பல் நிறம் நீலமாகி, சிவப்பாகி, முழுதும் நிரம்பியதும் பொன்னிறமாகிறது. கண்ணாடிச் சன்னல் வைத்த சோதனைக் கலங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆய்வாளர்கள் இதை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். வேகமாக ஏற்றும்போது ஓரம் பொன்னிறமாகிவிட்டிருக்கும், உட்பகுதி இன்னும் நீலமாகவே இருக்கும். உள்ளே இடம் இருந்தும் வாசலில் நெரிசல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

வெயிலும் வெள்ளமும்

நம் ஊருக்கு முக்கியமான விஷயம் வெயில். புதிய பேட்டரியை முதன்முதலாக ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது பேட்டரிக்குத் தேவையான பாதுகாப்புப் படலம். ஆனால் அது வளர்வது நிற்பதில்லை. வளரும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தை எடுத்துக்கொள்கிறது. பயணிகளில் சிலர் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு, பிறகு எந்த நடைக்கும் வராமல் போவதுபோல. வேதிவினைகள் எல்லாமே வெப்பத்தில் வேகம் பிடிக்கும், இதுவும் அப்படித்தான்.

2012-இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன மாநிலத்தில் நிசான் லீஃப் கார் வைத்திருந்தவர்கள், ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே தூரம் குறைந்துவிட்டதாகப் புகார் சொன்னார்கள். அந்தக் காரின் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. குளிர்ப் பிரதேசத்து லீஃப்களில் அந்த அளவுக்குக் குறைவு தெரியவில்லை. ஒரே கார், வேறு வேறு வெயில். இயற்கையே நடத்திய சோதனை அது. பின்னர் நிசான் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் தந்தது, வெப்பம் தாங்கும் பேட்டரியையும் கொண்டுவந்தது.

எட்டு ஆண்டு உழைக்குமா என்று அறிய எட்டு ஆண்டு காத்திருக்க முடியாது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். உள்ளே போன மின்னேற்றத்தையும் வெளியே வந்ததையும் மிகத் துல்லியமாக அளந்தால், ஒவ்வொரு சுற்றிலும் தொலையும் சிறு பங்கு தெரிந்துவிடும். ஒரு சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு தொலைகிறது என்றால், இருநூறு சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சில வாரச் சோதனையிலேயே பல ஆண்டு ஆயுளைக் கணிக்க இது உதவுகிறது. இந்தியாவில் மின்கார் பேட்டரிகளுக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருவதற்கு இத்தகைய அளவீடுகளும் அடித்தளம். நாம் செய்ய வேண்டியது எளிது: திரவக் குளிர்விப்பு உள்ள காராகப் பார்த்து வாங்குவது, முழு சார்ஜோடு நாள்கணக்கில் வெயிலில் நிறுத்தாமல் இருப்பது, விரைவு சார்ஜரைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்துவது.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்துக்குள் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேட்டரித் தொகுப்புகள் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாதபடி சோதிக்கப்படுகின்றன. மழைநீர் தேங்கிய தெருவைக் கடப்பது வேறு, இரவு முழுவதும் மூழ்கிக் கிடப்பது வேறு. கடல்நீர் புகுந்தாலோ ஆபத்து பன்மடங்கு. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், உலோக இணைப்புகளை அரிக்கும். 2022 செப்டம்பரில் இயன் புயல் புளோரிடாவில் கடலை ஊருக்குள் தள்ளியபோது, மூழ்கிய மின்கார்கள் சில தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. கடலோர ஊர்க்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மூழ்கிய மின்காரை இயக்கவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு ஆள் வரவழைத்துச் சோதிக்க வேண்டும்.

காசும் கரியும்

நூறு கிலோமீட்டருக்கு, ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, 17 யூனிட் போகும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 120 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 96 ரூபாய் என்றால் 640 ரூபாய். மிச்சம் 520. புதுச்சேரியில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு என்பதால், எல்லை தாண்டி இருப்பவர்களுக்கு மிச்சம் இன்னும் கூடும். இரண்டு கார்களுக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம் என்று கொள்வோம். தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் திரும்ப எட்டு ஆண்டு ஆகும். 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்று ஆண்டுக்குள் வந்துவிடும். சின்ன ஊரில் சின்னத் தூரம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கார் மிக வசதி, ஆனால் லாபம் மெதுவாகத்தான் வரும். நீண்ட தூரம் ஓட்டுகிற வாடகைக் கார்க்காரருக்கு லாபம் அதிகம், ஆனால் அவர்தான் பொது சார்ஜரை நம்ப வேண்டியவர். அங்கே யூனிட் 20 ரூபாயை ஒட்டி ஆகும்போது மிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

புகையும் அப்படியே கணக்குப் பார்க்க வேண்டியது. கடலூர் சாலையில் மின்கார் புகை விடுவதில்லை. அங்கு நடந்து போகும் பிள்ளைகளுக்கு அது நேரடி நன்மை. ஆனால் நமக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நூறு கிலோமீட்டருக்கு மின்கார் 12 கிலோ, பெட்ரோல் கார் 15 கிலோ. பேட்டரி செய்யும்போதே சில டன் வெளியாகிவிடுவதால், பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகே மின்கார் முந்தத் தொடங்கும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அந்தத் தூரம் சுருங்கும். வாங்கிய பிறகு, நாளாக நாளாகத் தூய்மையாகும் வண்டி இது ஒன்றுதான்.

இரவில் எங்கே நிற்கும்?

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மெதுவாக, வீட்டில், இரவில் ஏற்றினால் இந்தக் காரின் குறைகளில் பாதி மறைந்துவிடுகின்றன. பேட்டரிக்கும் நல்லது, செலவும் குறைவு, காத்திருக்கவும் வேண்டாம். அதனால் மின்கார் வாங்க நினைப்பவர் முதலில் தன் வண்டி இரவில் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, பழைய ஒயரிங் இரவு முழுவதும் அந்தப் பளுவைத் தாங்குமா என்று நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போகலாம். வீட்டு மின் இணைப்பிலேயே கார் சார்ஜ் ஏற்றிக்கொள்ள மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது.

முதலியார்பேட்டை போன்ற பழைய ஆலைத் தொழிலாளர் பகுதிகளில் பல வீடுகளுக்குக் கார் ஷெட் கிடையாது. கார் தெருவில்தான் நிற்கிறது. வீடு வாடகை வீடு. இரண்டாம் மாடியிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இறக்குவது ஆபத்து, செய்யவே கூடாது. 2024-இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்கார் என்ற நார்வேயின் சாதனைக்கு, வரிச்சலுகையோடு சொந்த வீட்டு வாசலும் நீர்மின்சாரமும் காரணம். அந்த வாசல் இல்லாதவர்களுக்காக லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே மெதுவாக ஏற்றும் பாயிண்டுகளை வைத்திருக்கிறார்கள்.

இங்கும் அது வேண்டும். நெடுஞ்சாலை விரைவு சார்ஜர்கள் பயணிகளுக்குப் பயன்படும். வாடகை வீட்டுக்காரருக்கு வேண்டியது தெருமுனையில் மணிக்கு மூன்று யூனிட் தரும் ஒரு பாதுகாப்பான பாயிண்ட். ஆற்றல் அடர்த்தியைக் கூட்டுவது ஆய்வகங்களின் வேலை. அதற்குக் காலம் ஆகும். தெருவில் பாயிண்ட் வைக்க எந்தக் கண்டுபிடிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். நகராட்சியும் மின்துறையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்தால் போதும்.